நேர்ந்துவிட்ட வாய்

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மனநல ஆலோசகர். வாய், தொண்டைப் புற்றுநோயில் பிழைத்து வந்தவர்களின் மனசைக் கவனிப்பதற்கென்றே அவளை எடுத்திருக்கிறார்களாம். ரிவ்யூவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கம்ப்யூட்டரில் உள்ள கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு மார்க் போட்டு, மார்க் கூடினால் மனநல டாக்டரிடம் அனுப்புவார்களாம். நல்ல காரியம். என் காலத்தில் இப்படி ஓர் ஆள் இல்லாமல் போனாரே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"சிஸ்டர், நீங்க அந்தப் பிரிவுல ரொம்ப வருஷம் இருந்திருக்கீங்க. யாரு உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஒரு நாள் வந்து எங்களுக்குச் சொல்லுங்களேன்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்தேன். குழப்பம்தான் மிஞ்சியது. மூக்கு வழியாகக் குழாய் இறக்குவது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு மனுஷர் தேறிவிட்டாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு மைக்கும் பொன்னாடையும் எதற்கு? அதனால் வீட்டிலிருந்தபடியே எழுதுகிறேன்.

எனக்குச் சாத்தூர். மதுரையில் நர்ஸ் படிப்பு, விடுதிச் சாப்பாடு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, பிரசவ வார்டு, அப்புறம் தீக்காய வார்டு என்று என் உத்தியோகத்தின் முதல் பாதி ஓடிவிட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. தீக்காய வார்டில் பழகியவள் எதற்கும் அசர மாட்டாள் என்று என்னைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். வெடி விபத்து என்றால் கேமரா வரும், கட்சிக்காரர்கள் வருவார்கள், பழக்கூடை வரும். வாயில் ஆறாத புண்ணோடு வருகிறவருக்கு அவருடைய பெண்டாட்டி மட்டும்தான் வருவாள் என்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்த நோய் வருகிற வழியே வேறு. பட்டாசுக் கம்பெனி வாசலில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். பீடி, தீப்பெட்டி எல்லாம் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். பகல் முழுக்க பீடி இல்லாமல் இருக்க முடியாதவர் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். அதற்கு நெருப்பு வேண்டாமே. "நான் ஒரு நாள்கூட பீடி தொட்டதில்ல சிஸ்டர், எனக்கு ஏன் வந்துச்சு" என்று என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். கம்பெனி விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் அவர்கள்.

எங்கள் பிரிவின் தலைவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். ஒல்லியான மனுஷர், குரல் எழும்பவே எழும்பாது. ஆபரேஷன் எல்லாம் மதுரையில் நடக்கும். அவரும் போய் நிற்பார். திரும்பி வந்தவர்களை மாதா மாதம் பார்ப்பது எங்கள் வேலை. நோயாளியைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்கவே மாட்டார். "கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிருவாங்க சிஸ்டர். சொன்னத அப்புறம் திருப்பி வாங்க முடியாது" என்பார்.

ரிவ்யூ நாளில் முதலில் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்போம். கரண்டு வைத்தவர்களுக்கு, அதாவது கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கு, தாடை இறுகிப்போகும். ஒரு விரல்கூட நுழையாது. அதற்கு ஐஸ் குச்சிகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்போம். முன்பல்லுக்கு நடுவில் செருகிக் கொஞ்ச நேரம் தாங்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும். பழகப் பழக ஒவ்வொரு குச்சியாகக் கூட்ட வேண்டும். குச்சிக்கட்டு தடித்துக்கொண்டே வந்தால் அந்த ஆள் வீட்டில் முயற்சி செய்கிறார் என்று அர்த்தம். அடுத்து டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு. புதிதாகக் கட்டி ஏதும் விரலில் தட்டுகிறதா என்று. அந்த நேரத்தில் நோயாளியும் கண்ணை மூடிக்கொள்வார். "ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அறையில் எல்லோரும் மூச்சு விடுவோம்.

அப்புறம் டீ. கேண்டீனிலிருந்து பிளாஸ்க்கில் வரும். இரண்டு கண்ணாடி கிளாஸ். ஒன்று டாக்டருக்கு, ஒன்று நோயாளிக்கு. அந்த அறையிலேயே நின்றுகொண்டிருக்கும் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். கன்னத்தையோ நாக்கில் பாதியையோ இழந்தவருக்கு டீ குடிப்பது பெரிய வேலை. ஓரத்தில் வழியும், மூக்கில் ஏறும், புரையேறும். டாக்டர் அவர் வாயைப் பார்க்க மாட்டார், கண்ணைப் பார்ப்பார். குடிப்பதற்கு முன்னால் சுற்றிலும் பார்க்கிறாரா, துண்டை எடுத்து மறைக்கிறாரா, வழிந்த பிறகு என்ன செய்கிறார். பிழைத்து வந்தவரின் மனசை அளக்க அவரிடம் இருந்தது அந்த ஒரு கிளாஸ் டீதான்.

அந்தப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிய அண்ணாச்சி ஒருவர். நாக்கில் பாதி போயிருந்தது. டீயைச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டே சிரிப்பார். "பாதி நாக்குக்கே இம்புட்டுப் பேச்சான்னு வீட்ல கேக்கா, டாக்டரே" என்பார். வருஷா வருஷம் எங்கள் எல்லோருக்கும் காலண்டர் கொண்டுவருவார். புதிதாக ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவோம். நோய் திரும்பாமல் ஐந்து வருஷம் ஓடியது. இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து அவர் மகன் மட்டும் வந்தான். அப்பா தானாகவே உயிரை முடித்துக்கொண்டார் என்றான். வீட்டில் சண்டை இல்லை, பிக்கல் பிடுங்கல் இல்லை, நோயும் இல்லை. டாக்டர் அவனை உட்காரவைத்து, "எங்ககிட்ட சிரிச்சுக்கிட்டுத்தானப்பா இருந்தாரு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "வீட்லயும் சிரிச்சுக்கிட்டுத்தான் சார் இருந்தாக" என்றான் அந்தப் பையன். அன்றைக்கு டீ வந்து ஆறிப்போய்த் திரும்பிப் போனது. டாக்டர் அன்று மாலை என்னிடம், "நான் என்னத்தப் பாத்தேன் சிஸ்டர் இத்தன வருஷம்?" என்று கேட்டார்.

இன்னொரு பக்கம் மல்லாங்கிணற்றிலிருந்து ஓர் அம்மா வருவார்கள். பருத்திக்காடு உள்ள குடும்பம். அறைக்குள் கால் வைக்கும்போதே அழுகை. "என்னைய அன்னைக்கே விட்டிருக்கலாம் சிஸ்டர், இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எதுக்கு இருக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் அழுவார்கள். அழுது முடித்துவிட்டு, மருமகள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெரியாமல் பாழாக்கிய கதையைச் சொல்லி அரைமணி நேரம் திட்டுவார்கள். சமீபத்தில் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். பாலில் பன்னை ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, என் வளையல் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். சிரித்தவர் போய்விட்டார், அழுகிறவர் பன் சாப்பிடுகிறார். இதில் நான் யாருக்கு என்ன பாடம் எடுப்பது?

அண்ணாச்சி போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. யார் சிரித்தாலும் பயம், யார் பேசாமல் இருந்தாலும் பயம். அந்த நேரத்தில்தான் குருசாமி எங்களிடம் வந்தார்.

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடுமேன். பெட்டிகளை லாரியில் ஏற்றுவதோடு, லாரியைப் பின்னால் எடுக்கும்போது வழி சொல்வதும் அவர் வேலை. சீசன் நேரத்தில் அவர் "வரலாம், வரலாம், ஓரம் ஒடி" என்று போடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்குமாம். லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் எந்த டிரைவரும் பிரேக்கில் கால் வைத்துவிடுவானாம். இதையெல்லாம் அவர் மனைவி சுப்புத்தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் பார்த்த குருசாமிக்குச் சத்தமே கிடையாது. இடது கன்னத்தை வெளித்தோலோடும் தாடை எலும்பில் ஒரு பகுதியோடும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதையையும் தோலையும் திருப்பிக் கொண்டுவந்து அந்த இடத்தை மூடியிருந்தார்கள். கரண்டும் வைத்தாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வருவார். டீயைத் தொட மாட்டார். குச்சிக்கட்டில் ஒரு குச்சிகூட அதிகமாகாது.

ஒரு நாள் சுப்புத்தாய் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சிஸ்டர், அவுக ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்காக. சைக்கிள எந்தம்பிக்குக் குடுத்தாச்சு. கைக்கெடியாரம் அவுக அண்ணன் மகனுக்கு. போன தீவாளிக்கு எடுத்த வேட்டி, மடிப்புக் கலையாம இருந்துச்சு, அதப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாக. ஏன்னு கேட்டா எனக்கெதுக்குங்காக. வீட்ல பூச்சி மருந்து இருந்துச்சு, நான் தூக்கி எங்க அம்மா வீட்டுல போட்டுட்டு வந்துட்டேன். சிஸ்டர், அவுக எனக்கு இருப்பாகளா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் தன் வழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு நேராகவே கேட்டார். "குருசாமி, செத்துப்போயிரலாம்னு தோணுதா?"

குருசாமி தலையை ஆட்டினார். துண்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். "இல்ல சார். அது தானா வரும்."

நோய் திரும்பிவிடும் என்று பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டோம். ஸ்கேனை விளக்கில் வைத்து, எங்குமே ஒன்றும் இல்லை என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். குருசாமி மரியாதையாகப் பார்த்துவிட்டு "சரிங்க சார்" என்றார். மனநல டாக்டரிடம் அனுப்பினோம். மாத்திரை கொடுத்தார். குருசாமி வேளை தவறாமல் சாப்பிட்டார், தூக்கம் வந்தது, உடம்பும் கொஞ்சம் தேறியது. அடுத்த மாதம் லோடு ஏற்றும்போது இடுப்பில் கட்டுகிற பெல்ட்டைக் கம்பெனி ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நல்லாத் தூங்குகிறார், நல்லாச் சாப்பிடுகிறார், ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார். இது என்ன கணக்கு என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

வைகாசி முடிந்து வெயில் இன்னும் இறங்காத ஒரு நாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாயிற்று. டீ வந்தது. குருசாமி கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். துண்டை அவிழ்த்து மடியில் போட்டார். எங்கள் முன்னால் அவராகத் துண்டை எடுத்தது அதுதான் முதல் தடவை. ஆள்காட்டி விரலால் அந்தப் புதுக் கன்னத்தை ஓரிடத்தில் அழுத்திக்கொண்டு டாக்டரிடம் ஏதோ கேட்டார். காற்று ஒழுகுகிற பேச்சு. திரும்பச் சொல்லச் சொன்னோம். பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இதுல அலகு குத்தலாமா சார்?"

சுப்புத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுகைக்கு நடுவில்தான் விஷயம் வெளியே வந்தது. புண் புற்றுநோய் என்று தெரிந்த அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். புருஷன் பிழைத்து வந்தால் வாயில் அலகு குத்திக்கொண்டு ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்து வருவார் என்று. குருசாமியும் பக்கத்தில் நின்று கும்பிட்டிருக்கிறார். கன்னத்தை எடுக்கப்போகிறோம் என்று மதுரையில் சொன்னபோது, எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்து திரும்ப வைத்துத் தைத்துவிடுவார்கள் என்றே இருவரும் நினைத்திருக்கிறார்கள். வாய்க்குள் வந்ததற்கு வாயையே நேர்ந்தது அவளுக்குச் சரியாகத்தான் பட்டிருக்கிறது.

"ஆடி வரப்போகுதுன்னு எனக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும். நான் அவுக மனசு நோகுமேன்னு பேசல. அவுகளும் பேசல" என்றாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு குருசாமிக்கு எதிரில் உட்கார்ந்தார். "குத்தவே கூடாது குருசாமி. கரண்டு வச்ச எடம். ஓட்டை விழுந்தா ஆறாது. எலும்பு வரைக்கும் அரிச்சிட்டுப் போயிரும்."

"அந்தப் பக்கத்துக் கன்னத்துல?"

"அதுலயும் கரண்டு பட்டிருக்கு. அங்கயும் கூடாது."

குருசாமி மறுபடி அந்தப் புதுக் கன்னத்தைத் தொட்டார். "இது நெஞ்சுத் தோலுன்னு சொன்னீக. ஆத்தாளுக்கு இவ நெஞ்ச நேரலயே சார். இவ நேர்ந்த வாய் எங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எடுத்த கன்னம் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். பரிசோதனைக்கூடத்துக்குப் போகும், அறுத்துப் பார்ப்பார்கள், பிறகு ஆஸ்பத்திரிக் கழிவோடு கழிவாக எரிப்பார்கள். அதை அந்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வது?

"ஆத்தா உசிரக் குடுத்துட்டா. நாங்க குடுக்க வேண்டியது குடுக்கல. அப்ப அவ வந்து திருப்பி எடுத்துக்கிடுவா. அதுல தப்பு ஒண்ணும் இல்ல சார். அதான் இருக்குறத ஒதுங்க வச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் குருசாமி. கோபமோ துக்கமோ இல்லாமல், லாரி எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இது நோயா, இல்ல நியாயமா?" என்று கேட்டார். நான் சாத்தூரில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். நேர்த்திக்கடன் பற்றி என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல? மாத்திரையை நிறுத்தக் கூடாது, சுப்புத்தாய் அவரைத் தனியே விடக் கூடாது என்பதை மட்டும் டாக்டர் போன் போட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கோயிலில் போய்க் கேட்கும்படியும் சொன்னேன். அது மட்டும் என் சொந்த யோசனை.

சுப்புத்தாய் போய்க் கேட்டிருக்கிறாள். வெள்ளித் தகட்டில் வாய் உருவம் வாங்கி உண்டியலில் போட்டால் போதும், அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று பூசாரி நல்லபடியாகவே சொல்லியிருக்கிறார். குருசாமி ஒப்பவில்லை. "அது கடையில விக்குறது. யாரு வேணும்னாலும் வாங்கலாம்" என்றாராம். அடுத்த ரிவ்யூவில் இதைச் சொல்லிவிட்டு சுப்புத்தாய் அதே மூச்சில் சொன்னாள்.

"சார், நானே குத்திக்கிடப் போறேன். நேர்ந்தது என் வாய்தான. அவுக வாய்க்கு நான் எப்படி வாக்குக் குடுக்க? சொன்ன வாய்ல குத்திக்கிட்டா சரியாப் போச்சு."

குருசாமி அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பெரிய டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். படித்த மனுஷர், தடுப்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டு, "சிஸ்டர், இந்தம்மாவுக்கு ஒரு டிடி ஊசி போட்டு விடுங்க" என்றார். கம்பி குத்தின புண்ணில் ரணஜன்னி வராமல் தடுக்கிற ஊசி. போட்டேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கு ஏகப்பட்ட ஊர்க்காரர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் இருக்கன்குடிக்கு நடப்பார்கள். நாங்களும் வாசலில் தண்ணீர்ப் பானை வைப்போம். அந்த வருஷம் சுப்புத்தாய் விடியும்போதே வந்து கதவைத் தட்டினாள். "ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்க பக்கத்துல இருக்கணும் சிஸ்டர்" என்றாள். எங்கள் சபைப் போதகருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே பஞ்சையும் மருந்தையும் கட்டுத்துணியையும் பையில் எடுத்து வைத்தேன்.

ஆற்றங்கரையில் வைத்து அலகு குத்தினார்கள். வாய்ப்பூட்டு என்பார்கள். மெல்லிய வெள்ளிக் கம்பி, ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும். இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கழற்றும் வரை ஒரு வார்த்தை பேச முடியாது. எத்தனையோ ஊசி குத்தியிருக்கிறேன்; அதைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். குருசாமி மட்டும் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார். பேச முடியாதவள் முன்னால், பேசாதவர் பின்னால், நடுவில் பையோடு நான்.

கோயிலை நெருங்கியதும் கூட்டம் நெருக்கித் தள்ளியது. இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்து கலக்கிறது. பின்னாலிருந்து மேளத்தோடு ஒரு கும்பல் தீச்சட்டி ஏந்திக்கொண்டு வேகமாக வந்தது. அவர்களுக்கு ஒதுங்கியதில் கூட்டம் அப்படியே எங்கள் மேல் சாய்ந்தது. சுப்புத்தாயின் கம்பி முனை முன்னால் நின்ற ஒரு பெண்ணின் பூச்சரத்தில் மாட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, அவள் முன்னால் இழுக்கிறாள். கம்பி வளைகிறது. சுப்புத்தாய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கத்த முடியவில்லை. நான் கத்தினேன். வார்டையே நடுங்கவைத்த என் குரல் அந்த மேளத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் கன்னம் கிழிந்துவிடும்.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் எழுந்தது. "நில்லு! நில்லு! ஓரம் ஒடி! ஓரம் ஒடி!" காற்றும் எச்சிலும் ஒழுகுகிற, பாதி எழுத்து காணாமல் போன சத்தம். ஆனால் சத்தம். குருசாமி கையை உயர்த்தி, பின்வாங்கி எங்கள் மேல் சாய்ந்த ஒரு பெரிய உடம்புக்காரரின் முதுகில் லாரியைத் தட்டுவது மாதிரி இரண்டு தட்டு தட்டினார். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். துண்டு எப்போதோ நழுவிப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர்களும் நின்றார்கள். பூச்சரத்துக்காரி நின்றாள். நான் கம்பியை விடுவித்தேன். குருசாமி முன்னால் போய்க் கையை வீசிக்கொண்டே, "வரலாம், வரலாம், வரலாம்" என்று பின்பக்கமாக நடந்தார். அவர் போகப் போகக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சுப்புத்தாய் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். ஏன் அழுதேன் என்று கேட்டால் அதுவும் தெரியாது.

சந்நிதியில் கம்பியைக் கழற்றித் திருநீற்றை வைத்து அழுத்தினார்கள். வாய் திறந்ததும் சுப்புத்தாய் சொன்ன முதல் வார்த்தை, "துண்டு எங்க?" என்பதுதான். குருசாமி கையை விரித்தார்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அப்படி எழுத முடியாது. அடுத்த மாதம் புதுத் துண்டு வாங்கிச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். மாத்திரையும் தொடர்ந்தது. சில நாள் வீட்டைவிட்டு வெளியே வரவே மாட்டேன் என்பார் என்று சுப்புத்தாய் போன் செய்வாள். ஆனால் கொடுப்பது நின்றது. குச்சிக்கட்டு தடிக்க ஆரம்பித்தது. கொடுத்த சைக்கிளைத் திருப்பிக் கேட்க அவருக்குக் கூச்சம். சுப்புத்தாய் தம்பி வீட்டில் போய்ச் சண்டை போட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். நான் ஓய்வுபெறும் வரைக்கும் ரிவ்யூவுக்கு வந்தார், இப்போதும் வருகிறார் என்று கேள்வி. லாரி நிற்கிற இடத்தில் பழையபடி வேலையாம், பெரும்பாலும் கையால்தான் வழி சொல்கிறாராம். சாமியா, பெண்டாட்டியா, மாத்திரையா, அந்தப் பூச்சரமா, எது அவரைப் பிடித்து நிறுத்தியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அண்ணாச்சியை ஏன் எதுவுமே பிடித்து நிறுத்தவில்லை என்பதும் தெரியாது. போன் செய்த பெண்ணே, உன் கேள்விகளை நீ கேள், கேட்பது நல்லது. பதிலை எழுதிக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திரு. என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். அந்த ஆடிக்கு அடுத்த ரிவ்யூவில் டீ வந்தபோது குருசாமி துண்டை இறக்கிவிட்டு கிளாஸை எடுத்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்காது. அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"குருசாமி, அன்னைக்குக் கூட்டம் உங்க சத்தத்தக் கேட்டு வெலகுச்சா, மொகத்தப் பாத்து வெலகுச்சா?"

டாக்டர் என்னை முறைத்தார். கேட்டிருக்கக் கூடாதுதான். குருசாமி அவசரப்படாமல் ஒரு வாய் குடித்தார். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"பாத்துத்தான் வெலகியிருப்பாக சிஸ்டர். நான் போட்ட சத்தம் எனக்கே வெளங்கல." கிளாஸில் மிச்சமிருந்த டீயைப் பார்த்தார். "எதுக்கு வெலகுனா என்ன. அவ உள்ள போயிட்டாள்ல."